பனிக்கடலுக்குப் போன கங்காணி கோட்டு

மூத்த பேரன் பேராதனையில் படித்து இஞ்சினியர் ஆகிவிட்டான். அடுத்தவன் கொழும்பில் வங்கியில் இருக்கிறான், போன மாதம்தான் பதவி உயர்வு. பேத்தி ஒருத்தி ஹட்டனில் கணக்கு டீச்சர். அவளிடம் படித்த ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தவறியதில்லை என்று அவளே சொன்னாள், நான் நம்புகிறேன். கடைக்குட்டி கீதா கடல் பறவைகளைப் பற்றிப் படிக்கிறாள். வருகிற டிசம்பரில் தென்துருவப் பனிக்கடலுக்குக் கப்பலில் போகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்.

"பெட்டியில என்னென்ன வைக்கிறது அம்மாயி?" என்று போனில் கேட்டாள். அவளைப்போலக் குளிர்க்கடலுக்குக் கிளம்புகிறவர்கள் வேறு யாரும் வாசிக்கலாம் என்று இங்கேயே எழுதுகிறேன். நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே போக ஒரு பெட்டி கட்டியிருக்கிறேன், அதற்காக அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் அலைந்திருக்கிறேன்.

1979 ஒக்டோபர். தம்பி செல்வராசுவுக்குக் கப்பலில் சட்டி கழுவும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்களைப் பனிமலை பார்க்கக் கூட்டிப்போகிற கப்பல். சனிக்கிழமை காலை கொழும்பில் நிற்க வேண்டும், கம்பளிக் கோட்டு இல்லாமல் வந்தால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவேன் என்று ஏஜென்ட் சொல்லியனுப்பினார். செய்தி எங்களுக்கு வந்தது புதன்கிழமை மாலை.

வியாழன் காலை ஆறு மணி பஸ். பெட்டியில் இரண்டு பனியன், ஒரு குரங்குத் தொப்பி, மூன்று சோடி காலுறை. தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது மழைக்கு நாங்கள் தலையில் போடுகிற கறுப்புக் கம்பளியையும் வைத்தேன். தம்பி வெளியே எடுத்தான். நான் உள்ளே வைத்தேன். பஸ் வரும்வரை இதுதான் வேலை.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. "நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று கண்டக்டர் சிங்களத்தில் என்னை முன்னால் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"முன்னால போனா பெட்டிய எங்க வைக்கிறது, இவர் தலையிலயா?" என்று தம்பி முணுமுணுத்தான்.

"என் தலையில தொப்பி இருக்கு மல்லி" என்றார் கண்டக்டர். தம்பி என்பதற்குச் சொன்ன அந்த 'மல்லி'யைத் தவிர மற்றதெல்லாம் நல்ல தமிழ். தலவாக்கலை வரும்வரை தம்பி பெட்டியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

தலவாக்கலையில் பஸ் மாறி, நுவரெலியா போய்ச் சேர ஒன்பதரை. மூன்று கடை ஏறினோம். கொழும்பிலிருந்து சீசனுக்கு வருகிறவர்களுக்கான மெல்லிய சுவெட்டர்தான் எங்கும் தொங்கியது. நாலாவது கடையில் கோட்டு இருந்தது.

"தோட்டத்துக்கா?" என்றார் முதலாளி.

"கப்பலுக்கு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நானூத்தம்பது."

எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். வெளியே வந்து பிளேன்டீ குடித்தோம்.

"போதும்க்கா, வீட்டுக்குப் போவோம்."

"ஹட்டன்ல பெரிய கங்காணி மக வீட்டுலதானே இருக்காரு?" எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர் அவர், எப்போதும் கம்பளிக் கோட்டோடுதான் வருவார்.

"அந்த மனுசன் கோட்டா? அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்துதானே அப்பாவுக்கு அரைப்பேர் போட்டாரு!" காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்தி வந்தவருக்குப் பாதிநாள் சம்பளம் வெட்டுவதுதான் அரைப்பேர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரோடு பேசியதில்லை.

"கோட்டா பேர் போட்டுச்சு? வாடா."

ஹட்டனுக்கு இரண்டு மணி நேரம். கங்காணி வாசலில் நாற்காலி போட்டு, அந்தக் கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதுக்கு மேல். அவர் மகள் செல்லம்மாக்கா எங்களை உள்ளே கூப்பிட்டாள். விசயத்தைச் சொன்னேன்.

"ஒங்கப்பன் இந்தக் கோட்டக் கண்டா ஒதுங்கி நிப்பான். நீங்க கழட்டித் தரச் சொல்றீங்களா?" என்றார் கங்காணி.

"கடனாத்தான் கேக்குறோம் ஐயா."

"செத்தா என்னைய இதப் போட்டுத்தான் எடுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். நீ கொண்டுபோயிட்டா என்னைய என்ன வேட்டியோட அனுப்புறதா?"

"ஒம்பது மாசத்துல வந்துடும் ஐயா."

"நான் இருக்கணுமே?"

"இருங்கப்பா, அவசரம் என்ன?" என்றாள் செல்லம்மாக்கா.

கங்காணி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க தண்ணி கல்லாப் போயிடுமாமே, நெசமா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானைக் கழற்றினார்.

அன்று சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வெள்ளி காலை ரயிலில் தம்பியை ஏற்றினேன். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஆறு மணி நேரம். மறுநாள் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஏஜென்ட் அவனைக் கப்பலில் ஏற்றினார்.

ஏற்றிவிட்டேன், அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோட்டு வருவதற்குள் அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சம்பளம் வாங்கிய மறுநாள் மாதந்தோறும் ஹட்டனுக்கு ஓடினேன். தெருமுனையில் நின்று, வாசலில் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கால் நடக்கும். எங்கள் லயத்து வீடுகளில் தம்பியைப் பற்றிக் கேட்பதை எல்லோரும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். கங்காணி விடவில்லை. "கோட்டு இப்ப எங்க இருக்கு?" என்பார். "தெரியலைங்க ஐயா." "கோட்டுக்கு சாப்பாடெல்லாம் ஒழுங்காக் கெடைக்குதாமா?" மாசி மாதம் அவர் படுத்துவிட்டார். அப்போதும் கட்டிலில் இருந்தபடி அதையேதான் கேட்டார்.

ஜூலையில் தம்பி வந்தான். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனோம். கோட்டு கொடுத்தபடியே இருந்தது, ஒரு கறைகூட இல்லை.

"போட்டியாடா?"

தம்பிக்குப் பொய் வராது. "இல்லைங்க ஐயா. கப்பல்லயே எல்லாருக்கும் செவப்பு சட்டை குடுத்தாங்க. இது ஆணியிலதான் தொங்குச்சு."

கங்காணி எழுந்து உட்கார்ந்தார். "நான் இங்க நடுங்கிச் சாகுறேன், அது அங்க சும்மா தொங்குச்சா? எவன்டா ஒனக்குக் கப்பல்ல வேலை குடுத்தது!" பெரட்டுக் களத்துச் சத்தம் அப்படியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்லம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாசியிலிருந்து அப்பா இப்பதான் எந்திரிச்சு ஒக்காருறாரு" என்றாள். தம்பி தலையைக் குனிந்து நின்று அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டான். கோட்டை அவருக்கு மாட்டிவிட்டுத்தான் வந்தோம். அதற்குப் பிறகும் நாலு வருடம் போட்டிருந்தார். போகும்போதும் அதோடுதான் போனார்.

ஆகவே கீதா, உனக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மேற்சட்டை கப்பலில் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தடித்த ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு பனியன் நல்லது. காலுறை கூடுதலாக இருக்கட்டும், ஈரமானதைக் காலில் வைத்திருக்காதீர்கள். கண்ணைக் கூசுமாம், கறுப்புக் கண்ணாடி அவசியம் என்று தம்பி சொல்கிறான். வயதானவர்களிடம் எதையும் இரவல் வாங்கிப் போகாதீர்கள். குளிர் உங்களுக்குச் சில வாரம்தான். இங்கே இருக்கிறவர்கள் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

தம்பி போன ஒன்பது மாதமும் அவன் முகம் என் கண்ணில் படவில்லை. உன்னிடம்தான் போன் இருக்கிறதே. நீ கடைசியாகப் போட்ட படம் தைப்பொங்கலுக்கு எடுத்தது, அதில் பாதி முகம் பானைக்குப் பின்னால். கப்பல் ஏறிய அன்றே புதுப்படம் ஒன்று போடு, தாயி.