மைத்ரேயியின் பதினான்காவது கேள்வி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது மைத்ரேயிக்கு முப்பத்தாறு வயது. மகள் சுஷ்மா மூன்றாம் வகுப்பில் இருந்தாள். மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவளுக்கு ஆய்வுக்கென்று மிஞ்சியது சனி, ஞாயிறுதான். நிலையில்லாத காலத்தில் குடும்பத் தொழில்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். நோட்டு செல்லாமல் போனது, புது வரி, கொரோனா என்று நாலைந்து வருடத்துக்குள் அடுத்தடுத்து விழுந்த அடிகளில் சில கடைகள் மூடிப்போயின, சில நின்றன. நின்றவை ஏன் நின்றன?

வாடிப்பட்டியிலிருந்து எழுமலை வரை டவுன் பஸ்ஸில் அலைந்து, தொழில் நின்றவர்களும் மூடியவர்களுமாக நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்கினாள். மாவு மில், லேத்துப் பட்டறை, செங்கல் சூளை, எண்ணெய்ச் செக்கு. முதல் எண்பது தாள்களை வைத்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: நெருக்கடியில் ஒரே ஆள் சட்டென்று முடிவெடுக்கும் தொழில்தான் பிழைக்கிறது. அதைக் கருத்தரங்கில் வாசித்துப் பரிசும் வாங்கினாள். மேசைமேல் அந்தக் கேடயத்தைப் பார்த்தபோது கணவன் ஜெயந்த், "பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றான்.

நூற்றுப்பன்னிரண்டாவது தாள் சமயநல்லூரில். பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. கருத்தக்கண்ணன் தன் தகப்பனாரிடமிருந்து வாங்கி நடத்திவருவது. ஐப்பசி மாதம், வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பதினான்காவது கேள்வியை மைத்ரேயி வாசித்தாள்.

"நெருக்கடி வரும்போது தொழிலில் கடைசி முடிவை எடுப்பது யாருண்ணே?"

"இதென்ன கேள்வி டீச்சர்? நாந்தேன். எங்கய்யா இருக்கவரைக்கும் அவரு. இப்ப நான்."

அப்போது போன் அடித்தது. உள்ளேயிருந்து வந்து எடுத்தவள் அவர் மனைவி மாயக்காள். "சொல்லுங்கண்ணே. எத்தன மூடை? அப்ப ரெண்டு பத்தாது, மூணு அனுப்புறேன். மழைக்கு முந்தி வந்துரும்." போனை வைத்தவள் வாசலில் நின்ற வேலையாளைப் பார்த்து, "காளை, வண்டிய எடு. நெல்லுக் கொள்முதல் நிலையத்துக்கு மூணு தார்ப்பாய்" என்றாள். கருத்தக்கண்ணன் மறுபேச்சில்லாமல் எழுந்து சுமைவண்டியில் காளையோடு ஏறிப் போனார்.

மைத்ரேயி பேனாவை மூடவில்லை. "பந்தல் கடைக்கும் நெல்லுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

மாயக்காள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கொரோனா வருசம் கல்யாணமே இல்ல. அம்புட்டுச் சாமானும் குடோன்ல கெடந்துச்சு, எலி கடிக்க ஆரம்பிச்சிருச்சு. அந்த ஐப்பசியிலதேன் எங்கண்ணன் நெல்லு வெட்டவெளியில நனைஞ்சு மொளச்சுப்போச்சு. பந்தலுக்குப் போடுற பாய நெல்லுக்குப் போட்டா என்னன்னு தோணுச்சு."

"உங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாரா?"

"எங்க! கல்யாண வீட்டுக்குப் போற சாமானச் சேத்துல போட்டா அப்புறம் எவன் வாங்குவான்னாரு. மூணு நாளு பேச்சில்ல. நாலாம் நாளு அவரு குளிக்கப் போன நேரம் நானே காளைய அனுப்பிவிட்டேன். அந்த வருசம் எங்க வீட்டுல ஒல கொதிச்சது அந்தத் தார்ப்பாயிலதேன்."

மைத்ரேயி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பதினான்காம் கேள்விக்கு நேரே 'நான்' என்று எழுதியிருந்தது. மாயக்காளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அது அப்பிடியே இருக்கட்டும் டீச்சர். கடைக்கு மொகம் அவருதேன். நான் சொல்லி நடக்குதுன்னு தெரிஞ்சா வேலைக்கு வாற ஆளுக அவரு பேச்ச மதிப்பாகளா?"

"உங்க பேரோ கடை பேரோ எங்கேயும் வராதுக்கா" என்று மைத்ரேயி வாக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பினாள். நூற்றேழு தாள்களில் 'நான்'. கேள்விக்குப் பதில் சொன்னவர் எல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள். உள்ளே இருந்தவர்களை அவள் கேட்கவே இல்லை. பரிசு வாங்கிய கட்டுரையும் இந்த 'நான்'களை நம்பி எழுதியதுதான்.

நெறியாளர் இம்மானுவேல் பொறுமையாகக் கேட்டார். "ஆய்வின் வரம்புகள்னு கடைசியில ரெண்டு வரி எழுதி முடிச்சிரும்மா. திரும்பப் போனா ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும்."

"வரம்புன்னா பரவாயில்ல சார். இது தப்பு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கால நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் துறைத்தலைவர் பதவி, பட்டம் முடித்துவிட்ட சக ஆசிரியை திவ்யாவுக்குப் போனது. மைத்ரேயியைவிட நாலு வருடம் இளையவள். அன்றைக்கு மைத்ரேயி யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஜெயந்த் கைக்கு வந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவதாக ஒருவரைத் தனியே கேட்பது என்று புதிய தாள் ஒன்றைத் தயாரித்து, முதலில் சமயநல்லூருக்குத்தான் போனாள். மாயக்காள் கோயிலுக்குப் போயிருந்தாள். கருத்தக்கண்ணன் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"திரும்பவும் அதே கேள்வியக் கேக்குறீக டீச்சர். முடிவு யாருன்னா நாந்தேன். யோசனை யாருன்னு கேட்டிருந்தா எம் பொண்டாட்டின்னு சொல்லியிருப்பேன்ல? தார்ப்பாய் அவ யோசனை. அனுப்புனதும் அவதேன். நான் குளிச்சுட்டு வந்து பாத்தேன், வண்டியக் காணோம். அதுக்குப் பெறகு அது என் முடிவாப்போச்சு. வேற என்ன செய்ய?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மறைக்கிற ஆளாகவே தெரியவில்லை. மைத்ரேயி அங்கேயே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கேள்வியை மூன்றாக உடைத்து எழுதினாள். யோசனை யாருடையது, முதலில் இறங்கிச் செய்தது யார், வெளியில் தன் முடிவு என்று சொன்னது யார்.

அந்தத் தாளோடு பதினாறு மாதம் சுற்றினாள். எழுமலை மாவு மில்காரர், "எங்க வீட்டுப் பொம்பளைகட்ட உங்களுக்கு என்ன கேள்வி?" என்று வாசலோடு அனுப்பினார். வாடிப்பட்டி லேத்துப் பட்டறையில் சிவபாண்டி, பாண்டியராஜன் என்ற அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு பக்கம் 'நான்' என்று எழுதிவிட்டு, அவள் கண்முன்னாலேயே சண்டைக்கு நின்றார்கள். அவர்களுடைய தாயார் இருளாயி வந்து, "ரெண்டு பேரும் இல்ல, செத்துப்போன இவுக மாமன் சொன்னது" என்று முடித்துவைத்தாள். எழுபத்தொரு குடும்பத்தார் முழுதாகப் பதில் சொன்னார்கள். அதில் முப்பத்தெட்டில் யோசனை ஒருவருடையது, வெளியில் முடிவு இன்னொருவருடையது. அப்படிப்பட்டவற்றில் மூடிய கடைகள் மிகக் குறைவு. ஏன் என்பதற்கு அவளிடம் பாதி விடைதான் இருந்தது. அதையும் அப்படியே எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். "பரிசு வாங்கின உங்க கட்டுரைக்கு நேர் எதிரா இருக்கே இது?"

"ஆமா சார். அந்தக் கட்டுரை தப்பு. திரும்ப வாங்கிட்டேன். எங்கே தப்புப் பண்ணினேன்னு இரண்டாம் இயல்ல எழுதியிருக்கேன்."

அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். சாயங்காலத்துக்குள் பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள்.

மறுநாள் மாயக்காளுக்குப் போன் செய்து சொன்னாள். பந்தல் வேலை நடக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"ரொம்பச் சந்தோசம் டீச்சர். ஒண்ணு கேக்கணும். மத்த வீட்டுலயும் இப்பிடித்தேனா?"

"முப்பத்தெட்டு வீட்டுலக்கா."

"அம்புட்டுப் பேரா?" மாயக்காள் அந்த எண்ணை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி டீச்சர், மண்டபத்துக்காரவுக வந்திருக்காக, வைக்கிறேன்" என்று போனை வைத்தாள்.