நுரைக்காத சோப்பு

எவ்வளவு தேய்த்தும் அந்தச் சோப்பு நுரைக்கவே இல்லை. சலவைத் தொட்டியில் முழங்கை வரை நனைந்து, ஒரு தலையணை உறையைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் துணி துவைக்கும் அக்கா எதிரே இடுப்பில் கைவைத்து நின்றார். சற்று முன்புதான் அவரைத் திருடி என்று சொல்லாமல் சொல்லியிருந்தேன்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடற்கரையில், எட்டு அறைகள் கொண்ட சின்ன விடுதி என்னுடையது. பாளையங்கோட்டை வீட்டை விற்றுக் கட்டினேன். மற்றவர்களைப் போல நடத்தமாட்டேன் என்று ஒரு வீராப்பு. வேலைக்கு ஊர்க்காரர்கள் மட்டும். மீன், ஊர் வள்ளங்களில் வருவது மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அன்று என் அடுப்படியிலும் மீன் கிடையாது. யாராவது முகம் சுளித்தால் பிரசங்கம் தொடங்கிவிடுவேன். அதில் ஊர்க் கிணறும் வரும். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அடியில் உப்புத் தண்ணீர்; வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் ஊர்க் கிணற்றில் மோட்டார் வைக்கக் கூடாது, கையால்தான் இறைக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. இந்த அறிவு படித்தவர்களுக்கு உண்டா என்று விருந்தினர்களைக் கேட்பேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதே கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், என் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். என் மதிலுக்குள் இருப்பது என் தண்ணீர் என்ற நினைப்பு. அதுவும் வீணாகவா போகிறது? கடற்கரையைப் பசுமையாக்க நான் நட்ட இருநூறு மரக்கன்றுகளுக்கு அல்லவா போகிறது?

அந்தக் கோடையில் சோப்பு மளமளவென்று தீர ஆரம்பித்தது. ஒரு மாதம் வரவேண்டியது பத்து நாளில் காலி. எனக்கு மனது ஓரிடத்தில் நிற்காது. சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அக்காவிடம் போய், வீட்டுக்கு வேண்டுமென்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை என்றேன். ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசியதாக எனக்கு நினைப்பு. அக்கா தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஒரு கட்டியை என் கையில் கொடுத்தார். நான் கசக்கி ஓய்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“சோப்பு எங்கயும் போவல, அண்ணாச்சி. தண்ணியில உப்பு ஏறிட்டு. எங்க ஊர்க் கெணத்துலயும் ஏறிட்டு. பிள்ளைக வாயில வைக்க மாட்டேங்கு.”

முன்பே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். இரண்டு முறை சொன்னாராம். கன்றுகளுக்குக் குழாய் இழுத்துக்கொண்டிருந்த நான் சரி, சரி என்று தலையாட்டியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனவர்தான், மறுநாள் வரவில்லை.

அன்றைக்கே மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பு மாட்டினேன். நான்கு அறைகளைப் பூட்டினேன். கன்றுகளில் பாதி காய்ந்துவிட்டன, மீதி எப்படியோ பிழைத்துக்கொண்டன. வருகிறவர்கள் அவற்றின் நிழலில் நின்று படம் எடுத்து, என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. விடிந்ததும் கால் தானாக ஊர்க் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இறைத்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். இரண்டு ஐப்பசி மழை பெய்தாயிற்று. சில நாள் கரிப்பு குறைந்தது போல இருக்கும். மறுநாள் குடித்தால் பழையபடி இருக்கும்.

போன வாரம்தான் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இதற்கு இத்தனை நாள் ஆனதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், வேலைக்கு வாருங்கள் என்று மனப்பாடம் செய்தது போல ஒப்பித்தேன். அக்கா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“சோப்பு விசயத்த நான் அன்னைக்கே விட்டுட்டேன். தண்ணி எப்ப திரும்பும்? அத மட்டும் சொல்லுங்க.”

தெரியவில்லை என்றேன். குடிக்கத் தூக்கிய வேகத்தில் செம்பிலிருந்த தண்ணீர் தளும்பியது.

“பைய, அண்ணாச்சி,” என்றார் அக்கா. “கீழ ஊத்திராதிய. வெலைக்கு வாங்குனது.”