வெள்ளையாக வராத பாதி

நம்பினால் நம்புங்கள். இது எனக்கு நடந்தது. அந்தத் தாள்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

நோயாளிகளின் படுக்கையில் போடும் சென்சார் விரிப்புகளைச் சோதிப்பது என் வேலை. உடம்பு எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று விரிப்பு நிமிடத்துக்கு ஒரு தடவை எண்களாகப் பதியும். கட்டம் கட்டமாக வெறும் எண்கள், பார்த்தால் தலை சுற்றும். பூஜ்யத்துக்கு வெள்ளை, அதிக எடைக்குக் கறுப்பு என்று வைத்து அச்சடித்தால், படுத்திருப்பவரின் உருவம் சாம்பல் நிறத்தில் வந்துவிடும்.

என் மனைவி படுத்த படுக்கையானபோது எங்கள் இரட்டைக் கட்டிலிலும் ஒன்றை விரித்தேன். ஒரு நாள் 3.52க்கு ஆபீசுக்குப் போன் செய்தாள்.

“சீக்கிரம் வர்றீங்களா?”

“ப்ரிண்ட் ஓடிட்டிருக்கும்மா. முடிச்சிட்டு வர்றேன்.”

4.10க்குப் போய்விட்டாள். பக்கத்தில் ஈ காக்கை கூட இல்லை. பாவி நான், ப்ரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் நான் படுக்கவே இல்லை, கூடத்தில்தான் படுத்தேன். முப்பது நாள் கழித்து ஒரு காலையில் விரிப்பைச் சுருட்டி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். கடைசியில் துடித்தாளா, என்னைத் தேடினாளா... அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் 1.20க்கு, அவள் போன அந்த 4.10 நிமிடத்தின் எண்களை அச்சுக்குக் கொடுத்தேன்.

டர்ர்ர்... டர்ர்ர்...

இடது பாதியில் அவள், ஒருக்களித்து. வலது பாதி என் பக்கம். அது வெள்ளையாக வர வேண்டும்.

வரவில்லை. அங்கேயும் ஒரு உருவம்.

பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தார். “ரெண்டு பாதிக்கும் தனித்தனி ஸ்கேல் வெச்சிருக்கீங்க. அந்தந்தப் பாதியில எது அதிகமோ அதையே கறுப்பாக்கிடும். அப்படி வெச்சா தூசிகூடக் கறுப்பாத்தான் வரும்.”

உண்மைதான். அந்தத் தப்பைத்தான் செய்திருந்தேன். ஒரே ஸ்கேலாக மாற்றினேன். 1.26.

டர்ர்ர்...

அவள் வெளுத்துவிட்டாள். எலும்பும் தோலுமாகத்தானே இருந்தாள்.

அது மட்டும்... கன்னங்கரேலென்று. அதன் கை அவள் கழுத்துக்கு அடியில்.

அக்கா வலது பாதியின் எண்களைக் கூட்டினார். “எழுபத்தொரு கிலோ.”

என் எடை.

“நீங்க அன்னைக்கு இங்கதானே இருந்தீங்க?”

நான் அழுதேன். யாராக இருந்தால் என்ன? அவள் தனியாகப் போகவில்லை. அது நானாக இல்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

மீதி நாட்களின் எண்களை அக்கா மறுநாள் அச்சடித்துக் கொடுத்தார். அவளை எடுத்துப் போன பிறகு இடது பாதி வெறும் வெள்ளை. வலது பாதி...

முப்பது நாளும் அது எழுந்திருக்கவே இல்லை.

கடைசித் தாள், விரிப்பைச் சுருட்ட நான் அதன் வயரைப் பிடுங்கிய காலை 7.25. கட்டிலில் மண்டியிட்டுத்தான் பிடுங்கினேன். என் முழங்கால் தடங்கள் இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

அதன் நெஞ்சின் மேல்.