ராயகிரியார் வண்டி

எங்கள் காருக்கு மூன்று கோளாறுகள் இருந்தன. மேட்டில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். ஈரக்காற்று பட்டால் செல்ஃப் எடுக்காது. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பின்சக்கர ஆக்ஸில் ஒடியும். இந்த மூன்றாவதற்கு முன்னறிவிப்பு கிடையாது. ஆலங்குளத்தில் ஒரு முறை ஒடிந்தது, இலஞ்சி வளைவில் ஒரு முறை. புது ஆக்ஸில் கொல்லத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். அதுவரை, மாடு கட்டி இழுத்து வந்த வண்டி கொட்டகையில் நிற்கும்.

யுத்தத்துக்கு மூன்று நான்கு வருஷங்களுக்கு முந்திய காலம். பெரிதும் இல்லாமல் சிறிதும் இல்லாமல், நாலு கதவும் மூடிய கூரையுமாகக் கப்பலில் வந்த வண்டி அது. அதே கப்பலில் வந்தவற்றில் இன்னும் இரண்டு எங்கள் வட்டாரத்தில் இருந்தன. ஒன்று கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபுவிடம். மற்றது வீரகேரளம்புதூர்ப் பண்ணையாரிடம். விற்ற ஏஜெண்டு கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். ஆகவே அப்பாவையும் சேர்த்து இந்த மூவரும் வண்டியைப் பற்றி முறையிட்டுக்கொள்ள ஒருவருக்கொருவர்தான் இருந்தார்கள்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் மூவரும் தத்தம் குடும்பத்தோடு குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்குவார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். மாலையில் எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வண்டிப் பேச்சு.

“உம்ம வண்டிக்கு எத்தனை மைலுக்கு ஒருக்க தண்ணி ஊத்துதீரு?” என்பார் சாயபு.

“பதினஞ்சு” என்பார் அப்பா.

“குடுத்து வச்சவருவே! நான் போற ஊர்லல்லாம் கிணத்தைத் தேடுதேன். வீட்ல கேக்கா, யாவாரத்துக்குப் போறியளா, தண்ணி எறைக்கப் போறியளான்னு.”

அந்தச் சபையில் பெருமை பேசக் கூடாது. புதூர்ப் பண்ணையார் ஒரு முறை, இந்த வருஷம் தமக்கு ஆக்ஸில் ஒடியவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவருக்கு யாரும் காற்றடிக்கும் பம்ப் இரவல் கொடுக்கவில்லை. மாறாக, புதிதாக ஒரு கோளாறோடு வருகிறவருக்கு முதல் காபி. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள்பொடியைப் போட்டால் அது ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் சாயபு. ஓட்டை பாதிதான் அடைபட்டது. அதன்பின் மூன்று வண்டிகளும் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இரண்டுக்கும் காரணம் அவளுடைய இளைப்பு. ஈரக்காற்றில் அவளுக்கு மூச்சு விசிலடிக்கும். இருமல் தொடங்கினால் அரைமணி நேரம் நிற்காது. மூன்றாவதாக ராயகிரியிலிருந்து ஓர் இடம் வந்தது. அவர்களுக்கு இளைப்பு விஷயம் தெரியாது. குற்றாலத்திலேயே இரண்டு நாள் தங்கிப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். சாரலில் வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இருந்த ஒரே காரணம் சொல்லக் கூடாத காரணம்.

“ஏட்டி, அக்காவுக்கு இருமல்னு வாயைத் தொறந்தே, நாக்குல சூடு போட்ருவேன்” என்றாள் அம்மா என்னிடம். எனக்கு அதற்குமுன் யாரும் ஒரு ரகசியத்தை நம்பிக் கொடுத்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா அருவிக்கு வராததற்குக் கால் சுளுக்கு என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா பார்க்கும்போதெல்லாம் அவள் நொண்டினாள். எந்தக் கால் என்பதில் அவளுக்கு நிச்சயம் இல்லை. மற்ற நேரங்களில் உள்ளறையில் கரி கனலும் கணப்புச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்வாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். எங்களுடையதைப் போன்ற அதே வண்டி. அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில், வந்தவர்களை வாருங்கள் என்று சொல்லுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அன்று மாலை ராயகிரிக்காரரைச் சபையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள்.

“எப்படி அண்ணாச்சி, கொதிக்குதா?” என்று சாயபு ஆவலோடு ஆரம்பித்தார்.

“கொதிக்காது.”

“செல்ஃபு?” என்றார் பண்ணையார்.

“தொட்டா எடுக்கும்.”

“சரி, ஆக்ஸிலு?”

“மூணு வருசமாச்சு, ஸ்பானர் எடுத்ததில்ல. ஒரு குறை சொல்ல முடியாது.” அவர் காபியைக் குடித்து முடித்தார். “நம்ம பயலும் அப்படித்தான். ஒரு குறை சொல்ல முடியாது.”

பண்ணையார் கூரையைப் பார்த்தார். ராயகிரிக்காரர் பக்கத்து வீட்டில் பிடித்திருந்த தம் ஜாகைக்குப் போன பிறகு சாயபு செருப்பை மாட்டிக்கொண்டே, “அது வேற கப்பல்ல வந்ததாயிருக்கும்வே” என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. உள்ளே வந்து அம்மாவிடம், “இந்த இடம் வேண்டாம்” என்றார்.

“வண்டிக்கும் கல்யாணத்துக்கும் என்ன?” என்றாள் அம்மா.

“வண்டிக்குக் குறையில்லன்னு சொன்ன வாய்தான பையனுக்கும் குறையில்லன்னு சொல்லுது? எதை நம்பச் சொல்லுதே?”

“நாம மட்டும் உள்ளதையெல்லாம் எடுத்து முன்னால வச்சிட்டோமாக்கும்.”

அப்பா கை கழுவப் போனார். இலை போட்டிருந்ததால்தான் போகிறார் என்று நான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் நான் வாசலுக்குப் போனேன். ராயகிரிக்காரர் வண்டி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. அதன் மூக்குக்குக் கீழே, தரையில், ஒரு தட்டு அகலத்துக்கு மஞ்சள். சாரலில் அது ஓரங்களில் பரவிக்கொண்டிருந்தது. அப்பா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ராயகிரிக்காரர் அந்தப் பக்கத்து வீட்டுப் படியில் பல்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டு நின்றார். நான் பார்த்ததைப் பார்த்தபடி உரக்கச் சொன்னேன்:

“அப்பா! மாமா வண்டியும் ஒழுகுது! மஞ்சப்பொடி போட்டிருக்காக!”

அப்பா வாய் கொப்பளிக்காமலே வந்தார். ராயகிரிக்காரரும் வந்தார். இருவரும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ராயகிரிக்காரர் வண்டியின் கால்பலகையில் உட்கார்ந்தார்.

“எங்க டிரைவருக்கு யாரோ சொன்னாகளாம்” என்றார். “பாதிதான் அடைக்கு.”

“பாதிதான் அடைக்கும்” என்றார் அப்பா. “ஆக்ஸிலு?”

“ரெண்டு தடவை. ஒருக்க சிவகிரிச் சந்தையில, நட்டநடுத் தெருவுல. ஊரே வேடிக்கை பாத்துது.” இப்போது அவரால் நிறுத்த முடியவில்லை. செல்ஃப் தை மாசத்திலேயே போய்விட்டது. கிளட்ச் வழுக்குகிறது. மழை பெய்தால் இடது கதவு வழியாகத் தண்ணீர் வருகிறது. “பொண்ணெடுக்க வந்த எடத்துல வண்டியக் குறை சொன்னா நம்மளையும் அப்படி நெனச்சுருவாகளோன்னு இருந்துது. மன்னிச்சுக்கிடணும்.”

“இதுல மன்னிக்க என்ன இருக்கு?” என்று அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு விஷயம் எங்களுக்குப் புதிது. அதைத் திறந்து மூடிப் பார்த்தார். கொல்லத்தில் யாரிடம் ஆக்ஸில் வாங்க வேண்டும் என்று சொன்னார். இருவரும் சின்னப் பையன்களைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாயபு இருந்திருந்தால் முதல் காபியை இவருக்குத்தான் கொடுத்திருப்பார்.

திடீரென்று அப்பா சிரிப்பதை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, மூத்தவளுக்கு இளைப்பு உண்டு” என்றார். “கால் சுளுக்கெல்லாம் இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராயகிரிக்காரர் ஆக்ஸிலைப் பற்றிப் பேசிய அதே குரலில் கேட்டார்.

“எத்தனை வருசமா?”

“ஏழு வயசுலேருந்து.”

“எப்பவுமா, ஈரத்துல மட்டுமா?”

“ஈரத்துல மட்டும்தான். கோடையில ஒண்ணும் கிடையாது.”

“எங்க ஊரு வறண்ட ஊரு” என்றார் அவர். கையிலிருந்த பல்பொடி நனைந்துவிட்டது, அதை உதறினார். “பயலுக்கு இடது காது மந்தம். அம்மை போட்டப்ப போயிட்டு. வலது பக்கம் நின்னு பேசணும்.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சாரல் காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு நாளாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியதை அப்பா ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டார் என்பதுதான். அவர்கள் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் அக்காவை ஏன் இழுத்தார் என்றும் புரியவில்லை. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் உள்ளே ஓடினேன். உள்ளறை ஜன்னல் வாசலைப் பார்த்திருந்தது. அக்கா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இருமிக்கொண்டிருந்தாள். துண்டு கீழே கிடந்தது. வாயைப் பொத்தவில்லை, ஒளியவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, ஆசைதீர இருமினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவளுக்கு நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோய் அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.

அம்மா வாசல் பேச்சைக் கேட்டபடியே இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். “இருமட்டும்டி” என்றாள். எழுந்திருக்கவில்லை.