பெட்டியில் வைத்த கொசுறு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப் போனது இரண்டு — வளர்த்தது ஆறு. ஆறில் ஒன்றாவது, 'இது எனக்கு ஒத்துக்காது' என்று ஒரு பண்டத்தைத் தள்ளியிருக்குமா? கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சிப்ஸ் கடை இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் போட்ட நேந்திரங்காய் சிப்ஸ். சாரல் விழுந்தால் கூட்டம். நின்றால் ஈ கூட வராது. அதனால் மருமகள் செல்வி ஆன்லைனில் விற்கிறாள். ஆர்டர், விசாரிப்பு எல்லாம் அவள் போனில். பெட்டி கட்டுவது நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்... ஆனால் நான் கட்டிய பெட்டியில் ஒரு சிப்ஸ் உடையாது.

கடைக்கு வருகிற யாரையும் கையில் கொசுறு வைக்காமல் அனுப்பமாட்டேன். போன வாரம் ஓசூருக்கு ஒரு பெட்டி போக வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் வஞ்சகம் செய்யலாமா? நானே உருட்டிய பொரிவிளங்காய் உருண்டை நாலை ஓரத்தில் செருகி, பெட்டியை ஒட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கொசுறைச் சொல்லிவிட்டா கொடுப்பார்கள்?

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று செல்வியின் போன் அடித்தது. அவள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள், நான் எடுத்தேன்.

"அம்மா, பெட்டியில ஒரு உருண்டை இருந்துச்சே... அதுல என்ன இருக்கு?" ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

ருசி பிடித்துக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெருமை தாங்கவில்லை.

"நம்ம வீட்டுப் பக்குவம்மா. அரிசி, பாசிப்பருப்பு, கருப்பட்டி... பாகு பதம் தப்பாம—"

"வேர்க்கடலை இருக்கா? அதச் சொல்லுங்க!"

"இல்லாமயா? நல்லா வறுத்து, திரிச்சு..."

"ஐயோ!" என்றாள். பின்னால் ஒரு பிள்ளை இழுத்து இழுத்து இருமுவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

செல்வி ஓடி வந்தாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தே! அந்தப் பையனுக்குக் கடலை ஆகாது. தொண்ட வீங்கி மூச்சடைக்குமாம். கடலை வாடையே கிடையாதுன்னு நான் எழுதிக் குடுத்த பொறகுதான் ஆர்டரே போட்டாங்க!"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க உருண்ட வைப்பீங்கன்னு நான் சோசியமா பாத்தேன்?"

திரும்பக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை.

வெளியே நல்ல சாரல். கடை நிறையக் கூட்டம். "என்ன ஆச்சி, கொசுறக் காணும்? கூட்டம் வருதுன்னு கை சுருங்கிட்டோ?" என்று வாடிக்கைக்காரர் ஒருவர் சீண்டினார். காதுக்குள் அந்த இருமல். முகம் தெரியாத பிள்ளை. எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆஸ்பத்திரி. என் கையால் உருட்டிய உருண்டை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் மெசேஜ் வந்தது. செல்வி வாசித்தாள். ஊசி போட்டார்களாம். மூச்சு சீராகிவிட்டதாம். கடைசியில் ஒரு வரி — 'இன்னொரு உருண்டை வேணும்னு அழறான்.'

"பிள்ள கேக்குதாம் பாருங்க, அத்தே" என்று செல்வி சிரித்தேவிட்டாள். அவ்வளவு ருசியாகவா செய்து தொலைத்தேன்!

கடையில் என்றால் என்ன நடந்திருக்கும்? நான் உருண்டையை நீட்டுவேன். 'இவனுக்கு ஆகாது' என்று தாய் தடுப்பாள். முடிந்தது. பெட்டிக்கு முன்னால் தாய் நிற்கவில்லையே? முகர்ந்து பார்க்க முடியாமல், என் முகத்தையும் பார்க்காமல் வாங்குகிறவர்கள், எழுதியிருப்பதை நம்பித்தான் பிள்ளை வாயில் வைக்கிறார்கள். அவர்களுக்கு அந்த எழுத்துதான் கடை.

இதற்கு முன்னால் போன பெட்டிகளிலும் செருகியிருக்கிறேனே... எல்லோருக்கும் போன் போடச் சொல்லிச் செல்வியை உட்கார வைத்தேன். மதுரைக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பார் என்கிறாள் செல்வி. இருக்கலாம். ஆனால் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதினாள். ஏட்டி, அனுப்புறதுக்கு முன்னால ஒருக்கா சத்தமா வாசி. நான் சொல்லாத எதையாச்சும் நீயா உள்ள வச்சிருக்கப் போற!