ராஜா வீட்டுக்கு ஜக்கற் இல்லாமல் போன கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "உந்த வீடியோவில காட்டின ராஜா வீட்டுக்கு எப்ப கூட்டிக்கொண்டு போறாய்?" இமயமலை அடிவாரத்தில், காங்க்ரா பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் பழைய அரச மாளிகை அது. இப்போது அந்தக் குடும்பமே அறைகளை வாடகைக்கு விடுகிறது. எனக்கு ஜனவரியில்தான் லீவு கிடைத்தது.

பியர்சன் விமான நிலையத்தில் ரொறன்ரோக்காரர் வழக்கமாகச் செய்வதையே நாங்களும் செய்தோம். இந்தியாவில் இது எதற்கு என்று குளிர் ஜக்கற்றுகளைக் கழற்றி, ஏற்றிவந்த தம்பியிடம் கொடுத்தோம்.

டெல்லியிலிருந்து இரவு ரயிலில் பதான்கோட். அங்கிருந்து ரக்சியில் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம், மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. எங்கள் மெல்லிய சுவெற்றர்களைப் பார்த்த சாரதி குல்தீப், மேலே குளிருமே என்றார். "முப்பது வரியம் ஸ்னோ தள்ளினனான். உதெல்லாம் ஒரு குளிரே எண்டு சொல்லு," என்றார் அம்மா. நானும் பெருமையாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாளிகை அழகுதான். தேவதாரு மரப் படிகள், சுவர் நிறைய மீசைக்கார ராஜாக்கள். ஆனால் ஹீற்றர் கிடையாது. ரொறன்ரோவில் குளிர் கதவுக்கு வெளியே நிற்கும், இங்கே எங்களோடு கட்டிலில் இருந்தது. அறைக் கணப்பை மூட்டினார்கள், புகை உள்ளே திரும்பியது. அம்மாவுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, உண்டு. ஒரு வருடமாக வராதது, நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

"பம்ப் எங்கையம்மா?"

"ஜக்கற்... பொக்கற்றுக்கை."

மூச்சு மருந்துப் பம்போடு அந்த ஜக்கற் பிறம்ரனில் தம்பி வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர், கடைசி ராஜாவின் பேரன், நெருப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்தார். பாட்டனாரின் கம்பளி ஓவர்கோட்டை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினார். நல்லகாலம், குல்தீப் இன்னும் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போனில் மருந்தின் பெயரைக் காட்டியதும் காரை எடுத்தார். மருந்துக்கடை ஐந்து கிலோமீற்றர். அவர் வரும்வரை அம்மாவின் முதுகைத் தடவியபடி, எங்கள் ஊர் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு என்னென்னவோ நேர்ந்துவிட்டேன்.

மருந்து வந்து, இரண்டு தரம் அடித்தபின் இழுப்பு மெல்லத் தணிந்தது. அப்பாடா. நான் அழுதேவிட்டேன். ராஜாவின் கோட்டுக்குள்ளிருந்த அம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "தோட்டத்துக்கை இருந்துகொண்டு உப்பிடியே தேத்தண்ணி போடுறவை? சாயமே இல்லை."

போக நினைப்பவர்களுக்கு: அறை ஒரு இரவுக்கு ஏழாயிரம் ரூபா, காலைச் சாப்பாட்டோடு. மார்ச் கடைசியில் போங்கள். ஜனவரிதான் என்றால் ஜக்கற்றோடு விமானம் ஏறுங்கள், மருந்து கைப்பைக்குள் இருக்கட்டும்.

திரும்பி வந்தபோது பியர்சனில் தம்பி ஜக்கற்றுகளோடு நின்றான். அம்மா பொக்கற்றுக்குள் கைவிட்டுப் பம்பை எடுத்து எனக்குக் காட்டினார். "பார், துலையேல்லை. நீதான் சும்மா பயந்து ஊரைக் கூட்டினனீ." கார் நிறுத்துமிடம் வரை ஏசிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்காமல் ஏசினாரே, எனக்கு அது போதும்.