பூநாரைக்கு வைத்த மஞ்சள்

அட்டைப்பெட்டியைக் கிளறும்போது அந்தப் பறவைப் படப் புத்தகம் அகப்பட்டது. பிரித்ததும் பழுப்பேறிய தாளிலிருந்து மஞ்சள் மணத்தது. வாசிக்கத் தெரியாத பெரியம்மா, மார்க்கையன்கோட்டையில் எங்கள் வயலை ஒட்டிய கண்மாயில் தான் கண்ட ஒவ்வொரு பறவைக்கும், புதுத்துணிக்கு வைப்பதுபோல, படத்தின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பார்; நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் கூழைக்கடாவுக்கும், நாற்று நட்ட சேற்றுவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு.

எட்டு வயதில், ஒரு பொட்டாவது என்னால் விழட்டுமென்று, பூநாரையைப் பார்த்ததாகப் பொய் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி வைத்தார். மறுநாளிலிருந்து விடியும்முன்பே பாசி மணக்கும் கரையில் போய் நின்று, வேலைக்கு நேரமாகும்வரை காத்திருந்துவிட்டு வருவார்.

"ஏத்தா, எங்கன நின்னுச்சு? இன்னைக்கும் வரலையே."

நான் தினம் ஓர் இடத்தைக் கைகாட்டினேன். படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டார்.

"மடைகிட்ட, பெரியம்மா," என்றேன் அப்போதும்.

பெரியம்மா போய்ச் சேர்ந்தபின் கண்மாய் வீட்டுமனையாகிவிட்டது. மடை இருந்த இடத்தில்தான் என் வீடு. விடியலில் வாசல்கதவைத் திறக்க எனக்குப் பயம். பெரியம்மா அங்கன நின்றுகொண்டிருப்பார்.